அக்காவைப் போடச் சொன்ன ஊசி

அக்காவின் இடக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு தழும்பு உண்டு. பழைய ஒரு சத நாணயக் குற்றியின் அளவு. விளிம்பு வெளிறியிருக்கும், நடுவில் மிகச் சிறிய குழிகள். பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்திய அடையாளம். அதே இடத்தில் அதே வட்டம் என் கையிலும் இருக்கிறது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த புதிதில், ஓலைக் கொட்டிலாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் தகரப் பெட்டியோடு வந்து எங்களை வரிசையில் நிறுத்திக் குத்தினார். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. நான் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அக்கா தன் முறையை முடித்துக்கொண்டு வந்து, "எறும்பு கடிக்கிற மாதிரித்தானடா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அது எறும்புக் கடி இல்லை என்பதும், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததும் நன்றாக நினைவிருக்கின்றன. திகதி மட்டும் சொல்ல முடியவில்லை.

திகதி சொல்ல முடியாமற் போவது எனக்கு உறுத்தலான விடயம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக, ஊர்வழக்கில் கிளாக்கராக, இருந்த காலத்தில் மழைமானி வாசித்துப் பதிவதும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அன்றன்றைய மழை, குளத்தின் நீர்மட்டம், ஊரில் பிறந்தவர், இறந்தவர், யார் யாரோடு என்ன கதைத்தார் என்பது வரை ஒரு கொப்பியில் எழுதிவிடுவேன். 2009ஆம் ஆண்டுப் போருக்கு முந்திய கொப்பிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிந்தியவை வரிசையாக அலுமாரியில் இருக்கின்றன. இதையும் அவற்றைப் பார்த்தே எழுதுகிறேன். நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவற்றில் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு தொடங்கியபோது அக்காவின் பயணப் பெட்டி கட்டி முடிந்திருந்தது. கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகள், என் மருமகள், பன்னிரண்டு வருடமாகத் தாயை நேரில் காணவில்லை. விசா கிடைத்துவிட்டது. மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா, புழுக்கொடியல் எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்தாயிற்று. அப்போதுதான் நோய் வந்தது. விமான நிலையத்தைப் பூட்டினார்கள். அக்கா பெட்டியைக் கலைக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை திறந்து வெயிலில் வைப்பார். வண்டு பிடித்த மாவைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புது மா இடித்து வைப்பார். "திறந்த அண்டைக்கே வெளிக்கிட வேணும்" என்பார்.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். மனைவி இறந்து அப்போது நாலு வருடம். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். அக்காவின் காணி என் காணிக்கு அடுத்தது. இடையில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஒரு பொட்டு. காலையில் அந்தப் பொட்டால் நுழைந்து போனால் அக்காவின் குசினியில் தேத்தண்ணி இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் இடியப்பமோ புட்டோ வரும். காலமாகிவிட்ட அத்தானின் கதிரையில் இருந்துகொண்டு நான் பத்திரிகையில் வாசித்ததைச் சொல்வேன். அக்கா தேங்காய் துருவியபடி "ம்" கொட்டுவார். கடைசியில் "உது நடக்காது" என்பார். அநேகமாக நடக்காது. மனைவி போன பிறகு என் நாளில் நான் ஒருவரோடு ஆறுதலாகக் கதைத்த நேரம் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

2021 யூலைக் கடைசியில் எங்கள் பக்கத்துக்குத் தடுப்பூசி வந்தது. வயதானவர்கள் பாடசாலை மண்டபத்துக்கு வரவேண்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். அவரை ஊரில் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வந்தது சீனாவில் செய்த ஊசி. வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. அன்றைக்கே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிட்டன. லண்டனில் போடுவது ஒன்று, கனடாவில் போடுவது இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளையும் தான் போட்டதே திறம் என்றது. இங்கே இருந்த தாய் தகப்பன்மார், தங்கள் பிள்ளை எந்த நாட்டிலோ அந்த நாட்டு ஊசிக்காகக் கட்சி கட்டினார்கள். கோயில் திருவிழாவில் எந்த உபயகாரரின் மேளம் திறம் என்று பிடிக்கும் சண்டை போலத்தான் அதுவும் நடந்தது.

வாசிகசாலை பூட்டியிருந்தது. அதன் முன்னால் நிற்கும் மருதமரத்தின் கீழ் மாலையில் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி இருப்போம். முகக்கவசம் பெரும்பாலும் நாடியில் தொங்கும். ஆகஸ்ட் முதற்கிழமையில் அங்கே நடந்த கதையை வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்திருக்கிறேன். தொடங்கியவர் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர். அந்த ஆண்டு இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தடை வந்து, சேதன உரம் எனப்படும் இயற்கை உரம் மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். அவருடைய சிறுபோக நெல் மஞ்சளடித்து நின்றது. அவருடைய முகமும் அப்படித்தான் இருந்தது.

"உரத்தை நிப்பாட்டினவன் ஊசியைச் சும்மா தாறான். கொஞ்சம் யோசியுங்கோ," என்றார்.

"அப்ப இது சேதன ஊசியோ தலைவர்?" என்று கேட்டார் மாஸ்டர். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பகிடி சொல்லிவிட்டுத் தான் மட்டும் சிரிக்காமல் இருப்பார்.

சிரிப்பு அடங்கும்வரை தலைவர் பொறுத்திருந்தார். "ரண்டு ஊசி போட்டவனுக்கும் வருதாம். பேந்து என்னத்துக்குப் போடுவான்?"

"நான் ஊசிக்கு எதிரில்லை," என்றார் மாஸ்டர். "ஆனால் ஊசியிலயும் தரம் இருக்கு. லண்டன் ஊசி நூற்றுக்கு எவ்வளவு, இது நூற்றுக்கு எவ்வளவு எண்டு மகன் அனுப்பினவன். முப்பது வருசம் புள்ளி போட்ட ஆள் நான். கூடின புள்ளி கூடினதுதான்."

அந்த வழியால் வந்த மிஸ் ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். "கிளாக்கர் ஐயா, நீங்கள் எல்லாத்தையும் வாசிக்கிற ஆள். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோவன்," என்றார். "இன்னும் கொஞ்சம் வாசிச்சுப் பாக்கவேணும் பிள்ளை," என்றேன். உண்மையில் நான் வேண்டியளவு வாசித்திருந்தேன். சபையில் முந்திக்கொண்டு கருத்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, எழுதிக்கொண்டிருப்பதே பழக்கம்.

அடுத்த நாள் விடிய மருமகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, அம்மாவை உந்த ஊசி போட விடாதேங்கோ. உதை இஞ்ச ஏற்றுக்கொள்ளுறேல்லை. போட்டால் அவா இஞ்ச வர ஏலாது. கொஞ்சம் பொறுத்தால் மற்ற ஊசி அங்கயும் வருமாம். நான் சொன்னால் அம்மா ஓம் ஓம் எண்டு போட்டுச் செய்யமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ, கேப்பா."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்," என்றேன்.

அன்று மாலை மருதமரத்தின் கீழ் நான்தான் முதலில் வாய் திறந்தேன். இரண்டு பள்ளிக்கூடம் இரண்டு வேறு வினாத்தாளில் சோதினை வைத்தால் புள்ளியை ஒப்பிட முடியுமா என்று மாஸ்டரைக் கேட்டேன். ஒவ்வொரு ஊசியையும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு நாட்டில், நோய் வேறு வேறு விதமாய்ப் பரவியபோது சோதித்தார்கள். நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கணக்கில்லை என்றேன். தலைவர் பக்கம் திரும்பி, "மடிச்சுக்கட்டிப் புழுவுக்கு மருந்தடிச்ச வயலிலயும் நாலு இலை மடிஞ்சுதான் நிக்கும். அதுக்காக அடிக்காமல் விட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"இந்தமுறை அடிக்க மருந்தே இல்லை, கிளாக்கர்!" என்றார் அவர்.

சிரித்தார்கள், ஆனால் கேட்டார்கள். நோய் வராமல் தடுப்பது ஒன்று, வந்தவனைச் சாகாமல் காப்பது இன்னொன்று. இரண்டாவதற்காகத்தான் முக்கியமாக இந்த ஊசி என்று சொன்னேன். கையில் இருக்கிற குடையை விட்டுவிட்டு வரப்போகிற குடைக்காக மழையில் நிற்பவனை என்னவென்று சொல்வது என்று கேட்டேன். என் எழுபது வருடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "ஐயா, நேற்று வாசிக்க வேணுமெண்டனீங்கள்?" என்றார். "வாசிச்சிட்டன்," என்றேன்.

மறுநாட் காலை அக்காவின் குசினியில் அதையே திருப்பிச் சொன்னேன், இன்னும் விரிவாக. மாரியில் பளையில் விழுந்த மழையையும் கோடையில் முள்ளியவளையில் விழுந்த மழையையும் வைத்துக்கொண்டு எந்த மழைமானி நல்லது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அக்கா துருவலையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை சொல்லுது, உதைப் போட்டால் அங்க எடுக்க மாட்டினமாம்," என்றார்.

"உயிர் இருந்தால்தானே அக்கா கனடா."

துருவுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கு அப்படித்தான் படுதோ?"

"ஓம்."

"சரி. நாளைக்கு ஓட்டோவுக்குச் சொல்லு."

மண்டபத்தில் அக்காவுக்கு முன்னால் இருபது பேர்வரை இருந்தார்கள். நானும் அன்றே போட்டுக்கொண்டேன். அட்டையை வாங்கியதும் அக்கா அதை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தார். அன்று மாலை மருமகளுக்கு நானே எடுத்துச் சொன்னேன்: "ஊரெல்லாம் போடேக்க அவாவை நான் எப்படிப் பிள்ளை மறிக்கிறது?" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாள் என்று நினைக்கிறேன்.

கொப்பியில் இல்லாத விடயம் இதுதான். மருமகள் எடுப்பதற்கு முன்பே எனக்கு இந்த ஊசி சரியானதாகப் பட்டிருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை. "போட்டால் அவா இஞ்ச வர ஏலாது" என்ற ஒரு வசனம்தான் எனக்கு வாயைத் தந்தது. அக்கா போட்டுவிட்டால் இன்னும் ஒரு வருடமாவது இங்கே இருப்பார். அந்தக் குசினியில் எனக்கு ஒரு கதிரை இருக்கும். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி, இன்றைக்கும் ஒன்றையும் மாற்ற மாட்டேன். சரியான சொற்களை எதற்காகச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகத் தாயைக் காணாத ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்கு எதிராக புள்ளிக்கணக்கையும் மழைக்கணக்கையும் கொண்டுபோய்ச் சபையிலும் குசினியிலும் வைத்தேன்.

அதன் மறுபக்கம் மாஸ்டர். தலைவர் கூட முணுமுணுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார். மாஸ்டர் போடவில்லை. ஒரு பின்னேரம் சைக்கிளை என் வாசற் படலையில் சாத்திவிட்டு, "வினாத்தாள் கதை நல்லாத்தான் இருந்தது, கிளாக்கர். ஆனால் மகன் அடுத்த மாதம் மற்றது வருமெண்டு சொல்லுறான். ஒரு மாதம் பொறுக்க ஏலாதோ?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், நான் இன்னும் கொஞ்சம் தள்ளினால் இளகிவிடுவார் போல இருந்தது. "அது உங்கட விருப்பம் மாஸ்டர்," என்றேன். அக்காவிடம் சொன்ன எல்லாம் என்னிடம் இருந்தன. மாஸ்டரிடம் அவற்றைச் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. செப்ரெம்பரில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோய் எரித்ததால் செத்தவீடும் இல்லை. அவருடைய வீட்டு வாசலில் ஒரு பந்தல் கூடப் போடவில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படலையில் நின்றுவிட்டுத் திரும்பினோம். ஊசி போட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று என்னால் எழுத முடியாது; அது எனக்குத் தெரியாது. நான் தள்ளவில்லை என்பது தெரியும்.

2022 தை மாதம் அக்காவுக்கே அந்த நோய் வந்தது, இரண்டு ஊசியும் போட்ட பிறகு. மிஸ் வந்து வேலிப் பொட்டை அடைக்கச் சொன்னார். நான் இரண்டு கிடுகை வைத்துக் கட்டினேன். அந்த நாட்களில் நான் சமைத்து வேலிக்கு மேலால் கொடுப்பேன். அக்கா அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்து, இருமி இருமிக் குறை சொல்வார். "இது புட்டோ, மரத்தூளோ?" என்று ஒருநாள். "சம்பலுக்கு உப்புப் போடுறது உன்ர கொப்பியில எழுதியில்லையோ?" என்று இன்னொரு நாள். தலைவர் ஒழுங்கையால் போகும்போது நின்று, "பாத்தியளே, ரண்டும் போட்டவாவுக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

"வந்தது தலைவர், போகுது. உங்களுக்கென்ன, மாலை வாங்கி வைச்சுட்டியளோ?" என்றார் அக்கா வேலிக்குள் இருந்து. தலைவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் எழும்பி நடமாடினார். ஊசி காத்தது என்று மிஸ் சொன்னார். எழுபத்தாறு வயதிலும் கிணற்றில் இறைத்துக் குளித்த உடம்பு காத்தது என்று தலைவர் சொன்னார். மழை பெய்தால் மானியில் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பெய்யாமல் விட்ட மழையை அளக்க ஒரு கருவி இல்லை. ஓர் ஊரில் ஆயிரம் பேரைப் பார்த்தால் ஊசியின் பலன் தெரியும். ஒரு குசினியில் ஒரு அக்காவைப் பார்த்துத் தெரியாது. எனக்கு அந்த நாட்களில் பயம் மட்டும்தான் தெரிந்தது. கிடுகுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும்வரை நிம்மதி, கேட்காவிட்டால் எழும்பிப் போய்க் கூப்பிடுவேன்.

கனடாவில் அந்த ஊசியையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்று பெப்ரவரியில் மருமகள் சொன்னாள். தாய்க்கு நோய் வந்த பிறகு அவளுக்குப் பொறுமை இல்லை. வைகாசியில் தாயைக் கூட்டிப்போகத் தானே வந்துவிட்டாள். நாட்டில் அப்போது பெற்றோல் இல்லை. வான் பிடிக்க முடியாமல் ரயிலில் கொழும்புக்குப் போவதென்று முடிவாயிற்று. மருமகள் என்னோடு முன்போலத்தான் நடந்தாள். எனக்கு இரண்டு சேட்டும் ஒரு பேனையும் கொண்டு வந்திருந்தாள். ஊசிக் கதையை அவள் எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அக்கா கனடா போய் மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. அங்கே பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு எடுப்பார். பனியைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சொல்வார். இடையில் அங்கே யாரோ கூப்பிடுவார்கள்; "பேந்து எடுக்கிறன் தம்பி" என்று வைத்துவிடுவார். இனி விமானம் ஏறுகிற உடம்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நானும் கேட்பதில்லை. அவருடைய காணியை இப்போது ஓர் இளம் குடும்பம் பார்க்கிறது. நல்ல பிள்ளைகள், வேலிக்கு மேலால் சுகம் கேட்பார்கள்.

அக்கா புறப்பட்ட அன்று காலை கிளிநொச்சி நிலையத்தில் ரயில் பிந்தியது. மருமகள் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தாள். அக்காவும் நானும் மேடையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "அக்கா, அந்த ஊசி..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ அண்டைக்குப் பளையில மழை, முள்ளியவளையில மழை எண்டு என்னென்னவோ சொன்னாய். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உன்ர முகம் விளங்கினது." தண்டவாளம் வளைந்து வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேந்து ஏன் போட்டனீங்கள்?"

"எனக்கும் உடன போக மனமில்லையடா. பெத்த பிள்ளையிட்ட அதை எப்படிச் சொல்லுறது? நான் போகாமல் நிக்க ஒரு சாட்டுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீ கொண்டு வந்து தந்தாய்."

தூரத்தில் கைகாட்டி விழுந்தது. சனம் எழும்பிப் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கியது. அக்கா எழும்பவில்லை.

"ஒரு வருசம் போதும் எண்டு நினைச்சன்," என்றார். "போதாதடா தம்பி."